தேநீர்க் கோப்பைக்குள் விழுந்த பகடை செல்லுமா, செல்லாதா?

பழைய காவல்:

நண்பர்களே, எனக்கும் என் தோழன் ஒருவனுக்கும் பல வருடமாகத் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. அவனும் இங்கே இருக்கிறான். விஷயத்தை உங்கள் முன்னால் வைக்கிறேன், நீங்களே சொல்லுங்கள்.

2015 ஜூன். பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படையும் ஜெர்மானிய பிரஷ்யர்களின் படையும் சேர்ந்து நெப்போலியனைத் தோற்கடித்த வாட்டர்லூ போர் நடந்து 200 வருடம் ஆனதை ஒட்டி, லீட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பொது மண்டபத்தில் எட்டுப் பேர் கூடி அந்தப் போரை மேஜைமேல் ஆடினோம். பன்னிரண்டு அடி நீளம், ஆறு அடி அகலம். பதினைந்து மில்லிமீட்டர் உயரச் சிப்பாய்கள் ஏறக்குறைய இரண்டாயிரம். இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காக: படைகளை இஞ்ச் டேப் வைத்து அளந்து நகர்த்துவோம், சுட்டது பட்டதா, எதிரி ஓடினானா நின்றானா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிப்போம். நான் நெப்போலியன். அவருடைய தலைசிறந்த படையான காவல்படையின் பொம்மைகள் என்னுடையவை. கரடித்தோல் தொப்பி, சிவப்பு இறகு என்று ஒவ்வொன்றாக ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து வண்ணம் தீட்டியவை.

தொடக்கமே சரியில்லை. 1815-இல் முந்தின இரவு பெய்த மழையில் மண் சேறாகிவிட்டதால் நெப்போலியன் காலை பதினொன்றரை மணி வரை காத்திருந்தார் அல்லவா? எங்கள் ஆட்டத்தில் மண் எப்போது காயும் என்பதற்கு ஒரு பகடை. நான் உருட்டினேன், ஒன்று. மதியம் ஒன்றரைக்குத்தான் போர் தொடங்க முடிந்தது. பிரஷ்யர்கள் வந்து சேர, ஒரு மணியிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை ஒரு பகடை. ஆறு விழுந்தால் வருவார்கள். தோழன் முதல் வீச்சிலேயே ஆறு போட்டான். நான் முதல் பீரங்கியைச் சுடும்போது பிரஷ்யத் தளபதி ப்ளூஹரின் ஆட்கள் பெட்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மண்டபமே சிரித்தது, நானும்தான். அப்புறம் என் பெரிய பீரங்கி வரிசை. பன்னிரண்டு பகடை, நாலோ அதற்கு மேலோ விழுந்தால் அடி. விழுந்த அடி இரண்டு.

அதையும் சமாளித்தேன். பிளான்சன்வா கிராமத்தில் பிரஷ்யர்களைத் தடுத்து நிறுத்தி, லா ஹே சாந்த் பண்ணையைப் பிடித்து, ஆட்டக் கணக்கில் மாலை ஏழு மணிக்குக் காவல்படையை மேட்டின்மேல் ஏற்றினேன். எதிரே நின்றது பாதி செத்துப்போன டச்சு மிலிஷியா (பொதுமக்களிலிருந்து திரட்டிய படை) பட்டாலியன் ஒன்று. பாய்வதற்கு முன்னால் மனவலிமைச் சோதனை. இரண்டு பகடை. இரண்டிலும் ஒன்று என்ற எண் விழுந்தால் மட்டும்தான் காவல்படை தோற்கும்.

வீசினேன். முதல் பகடை மேட்டின் அடியில் நின்றது: ஒன்று. இரண்டாவது லா ஹே சாந்த்தின் ஓட்டுக்கூரையில் பட்டு எகிறி, என் தேநீர்க் கோப்பைக்குள் டொப்பென்று விழுந்தது. நிறையப் பால் விட்ட தேநீர், அடி தெரியவில்லை. மேஜைக்கு வெளியே விழுந்தால்தான் மறுவீச்சு, கோப்பை மேஜைமேல்தானே இருக்கிறது, ஆகவே செல்லும் என்றார் நடுவர். தேநீரைக் கொட்டிப் பார்த்தோம். ஒன்று. காவல்படை ஓடியது. அது ஓடினால் ஓரடிக்குள் இருக்கும் எல்லாப் பிரெஞ்சுப் படையும் சோதனைக்கு நிற்கவேண்டும். மூன்று டிவிஷன்கள் அடுத்தடுத்து ஓடின. ஆட்டம் முடிந்தது.

என் வாதம் இரண்டு. ஒன்று, அந்தப் பகடை செல்லாது. இரண்டு, நாள் முழுக்க யோசித்து ஆடியதை ஒரே ஒரு வீச்சு கவிழ்க்க முடியும் என்றால் அந்த விதியில் கோளாறு இருக்கிறது. அன்றிலிருந்து நான் சராசரிப் பகடைதான் வைத்திருக்கிறேன். அதன் முகங்கள் 2, 3, 3, 4, 4, 5. ஒன்றும் இல்லை, ஆறும் இல்லை.

நீலக்கோட்டுக்காரன்:

அந்தத் தோழன் நான்தான். வணக்கம்.

அண்ணா, நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றை முதலில் சொல்கிறேன். மேஜைமேல் குடிக்கும் பொருள் வேண்டாம் என்று நடுவர் காலையிலிருந்து இரண்டு தடவை சொன்னார். நீங்கள் கோப்பையைப் பிரஸ்ஸல்ஸ் சாலை ஓரமாக, காவல்படைக்குப் பின்னால் வைத்திருந்தீர்கள். வைத்தவர் நீங்கள், வீசியவர் நீங்கள், கூரைமேல் பட்டதும் உங்கள் வீச்சின் வேகம். இதில் மறுவீச்சு கேட்க என்ன நியாயம்?

இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். அந்த மண்டபத்தில் நாம் எத்தனை ஆட்டம் ஆடியிருப்போம்? ஆஸ்டர்லிட்ஸ் இரண்டு முறை, போரோடினோ ஒரு முறை, பெயர் மறந்துபோன ஸ்பெயின் சண்டைகள் எத்தனையோ. அவற்றில் யார் ஜெயித்தார்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. 2015 மட்டும் ஒவ்வொரு முறையும் நினைவிருக்கிறது. பகடை விழுந்த சத்தம், எட்டுப் பேரும் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தது, சிரிப்பு அடங்காமல் நம் வெலிங்டன் ஆட்டக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. சராசரிப் பகடை போட்டிருந்தால் அந்த நாள் நமக்குக் கிடைத்திருக்குமா அண்ணா?

டச்சு மிலிஷியாவிடம் காவல்படை தோற்றது நடக்காத காரியம் என்ற தொனியில் எழுதுகிறீர்கள். நிஜ வாட்டர்லூவில் நடந்ததே அதுதானே. அன்று மாலை காவல்படையை நிறுத்தியவர்களில் மெய்ட்லண்டின் பிரிட்டிஷ் காவல்படையும், கோல்போர்னின் 52-ஆவது படையும் உண்டு; அவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் சஸ்ஸே என்ற டச்சுத் தளபதி அனுப்பிய டெட்மர்ஸின் பிரிகேடும் துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்தது. அந்தப் பிரிகேடில் பாதிக்கு மேல் மிலிஷியா பட்டாலியன்கள். அந்த சஸ்ஸே முன்பு நெப்போலியன் படையிலேயே சண்டை போட்டவர்.

ஆச்சி வீட்டுத் தாயம்:

நான் இந்த விளையாட்டுக்குப் புதிது. தாயம் மட்டும்தான் தெரியும். எங்கள் ஆச்சி வீட்டில் கட்டை சாய்ந்து நின்றாலோ யார் மடியிலாவது விழுந்தாலோ பேச்சே இல்லை, மறுபடி உருட்டவேண்டும். பார்க்கிறவர்கள் எல்லோர் கண்ணிலும் ஒரே எண் பட்டால்தான் அது எண் என்பார் ஆச்சி. கோப்பைக்குள் இருப்பதை யார் பார்த்தது? நான் பழைய காவல் சார் பக்கம்.

அப்புறம், ஒன்று விழுந்ததற்கு இத்தனை அழுகையா? தாயத்தில் ஒன்று விழாமல் காயே இறங்காது. ஒன்றுக்காகத் தவம் கிடந்திருக்கிறோம்.

பழைய காவல்:

ஆச்சிக்கு என் வணக்கம். அவர் சொன்னதுதான் சட்டம்.

தம்பி, கோப்பையை நான் வைத்தது தப்பு என்றே வைத்துக்கொள். அதற்குத் தண்டனை என் தேநீர் போனது. பத்தாயிரம் பேர் கொண்ட படை போவது எப்படி அதற்கு ஈடாகும்?

நினைவில் நிற்பதால் நல்ல ஆட்டம் என்கிறாய். எனக்கும் அந்த நாள் பிடிக்கும், மறுக்கவே இல்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆனால் சிரிப்பு வந்ததற்காக விதி சரி என்று ஆகாது. காலை பத்து மணியிலிருந்து நான் எதை எங்கே நிறுத்துவது என்று யோசித்தேன். குதிரைப்படையைக் கடைசிவரை கையில் வைத்திருந்தேன், நெப்போலியனின் மார்ஷல் நே செய்த தப்பைச் செய்யவில்லை. சதுரமாக நின்ற காலாட்படைமேல் குதிரைகளை மணிக்கணக்கில் மோதவிட்டு வீணாக்கினாரே அவர், அதைத் தவிர்த்தேன். வெலிங்டனின் நடுப்பகுதி ஒரு நூலில் தொங்கியது. அந்த யோசனைக்கெல்லாம் ஆட்டத்தில் ஒரு மதிப்பு இருக்கவேண்டும் அல்லவா?

வெலிங்டனையே எடுத்துக்கொள். அப்போது அவர் ஆர்தர் வெல்லெஸ்லி, 1798-இல் சென்னையில் வந்து இறங்கியவர். 1803 செப்டம்பர் 23, அசாயே. எதிரே பெரிய மராட்டியப் படை, நடுவே கைத்னா ஆறு. கடக்க வழியே இல்லை என்றார்கள் வழிகாட்டிகள். ஆற்றின் இரு கரையிலும் இரண்டு கிராமங்கள் எதிரெதிரே இருப்பதைப் பார்த்தார். இத்தனை பக்கத்தில் இருக்கிற ஊர்களுக்கிடையே ஆள் போக ஆற்றில் ஒரு துறை இல்லாமல் இருக்காது என்று கணித்தார். இருந்தது. மதராஸ் சிப்பாய்கள் உட்பட மொத்தப் படையும் அதில் இறங்கிக் கடந்தது. இதில் பகடை எங்கே இருக்கிறது? கண் இருந்தது, புத்தி இருந்தது.

நீலக்கோட்டுக்காரன்:

அதே வெல்லெஸ்லி, அசாயேவுக்கு நாலு வருடம் முன்னால், 1799 ஏப்ரல் 5 இரவு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே ஒரு தோப்புக்குள் படையோடு நுழைந்து இருட்டில் வழி தவறினார். திப்புவின் ஆட்கள் சுட்டார்கள். படை சிதறியது. ஓய்ந்துபோன ஒரு குண்டு அவர் முழங்காலில் பட்டுக் காயம் மட்டும் ஆனது. வேகத்தோடு வந்து பட்டிருந்தால் அசாயேவும் இல்லை, வாட்டர்லூவும் இல்லை. அந்த முழங்கால் எந்தப் புத்தியால் தப்பியது?

1815-க்கே வாருங்கள். ஜூன் 16, லினி என்ற ஊரில் நெப்போலியனுக்கும் பிரஷ்யர்களுக்கும் சண்டை. ப்ளூஹரின் குதிரை சுடப்பட்டு அவர்மேலேயே விழுந்தது. எழுபது வயதைத் தாண்டியவர். கவசம் போட்ட பிரெஞ்சுக் குதிரைவீரர்கள் பக்கத்திலேயே ஓடிப் போனார்கள், திரும்பி வந்தார்கள், இருட்டில் யாரும் அவரை அடையாளம் காணவில்லை. துணை அதிகாரி நாஸ்டிட்ஸ் கூடவே நின்று காப்பாற்றினார். ப்ளூஹர் அங்கேயே பிடிபட்டிருந்தால் இரண்டு நாள் கழித்து வாட்டர்லூவுக்கு பிரஷ்யர்கள் வந்திருப்பார்களா? வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். அதே நாளில் பிரெஞ்சுத் தளபதி டெர்லோனின் படை முழுவதும் லினிக்கும், அன்றே சண்டை நடந்த இன்னொரு இடமான காத்ர் பிராவுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தது. இரண்டு இடத்திலும் சண்டை போடவில்லை. இதை ஒரு ஆட்டத்தில் யாராவது வைத்தால் விதி சரியில்லை என்பீர்கள்.

பழைய காவல்:

டெர்லோன் விஷயம் அதிர்ஷ்டம் இல்லை தம்பி, ஆணைக் குழப்பம். ஒருபக்கம் நெப்போலியன் கூப்பிடுகிறார், மறுபக்கம் நே திரும்பி வா என்கிறார். காரணம் இருக்கிறது, பொறுப்பு இருக்கிறது. நெப்போலியன் தோற்றுப் பின்வாங்கிய லைப்சிக்கில் 1813 அக்டோபர் 19 அன்று எல்ஸ்டர் பாலம் நேரத்துக்கு முன்னால் வெடித்ததும் அப்படித்தான். வெடிவைக்கும் பொறுப்பைப் பெரிய அதிகாரி ஒரு கார்ப்பரலிடம் விட்டுப் போனார். அவர் பதறிப்போய்த் திரி வைத்தார். ஆயிரக்கணக்கானவர்கள் மறுகரையில் மாட்டிக்கொண்டார்கள். மூன்று நாளைக்கு முன்னால்தான் மார்ஷல் ஆன பொன்யாத்தோவ்ஸ்கி ஆற்றில் மூழ்கிச் செத்தார். யாரோ விட்ட பிழைக்கு யாரோ செத்தார்கள். வருத்தமான கதை. ஆனாலும் அதில் காரணம் ஒன்று இருக்கிறது. என் காவல்படை ஓடியதற்குக் காரணம் என்ன? கூரையில் பட்டு எகிறியது, அவ்வளவுதான்.

நீலக்கோட்டுக்காரன்:

காரணம் நமக்கு 200 வருடம் கழித்துத் தெரிகிறது. அந்தப் பாலத்தின் இந்தப் பக்கம் நின்றவனுக்கு என்ன தெரிந்தது? சத்தம் கேட்டது, பாலம் இல்லை. மேஜையில் பகடை செய்வது அதைத்தான். கார்ப்பரலின் பதற்றத்தை நான் விதியில் எழுத முடியாது, ஒரு பகடையில் வைக்கலாம்.

நடுவர் நாற்காலி:

இருவரும் சொல்வதைப் படித்துக்கொண்டே வந்தேன். முப்பது வருடமாக மற்றவர்கள் ஆட நடுவராக இருந்தே பழகியவன். நீங்கள் இருவரும் பேசுவது புதிய சண்டை இல்லை, பிரஷ்யாவிலேயே நடந்தது.

போர் விளையாட்டை ஒழுங்குபடுத்தியவர்கள் ரைஸ்விட்ஸ் என்ற குடும்பத்துத் தந்தையும் மகனும். தந்தை செய்த பெரிய மேஜை 1812-இல் அரசருக்குப் போனது. மகன் பீரங்கிப்படை அதிகாரி. அதை வரைபடத்தின்மேல் ஆடும் ஆட்டமாக மாற்றி 1824-இல் விதிகளை வெளியிட்டார். அதில் பகடை உண்டு, அட்டவணை உண்டு, நடுவரும் உண்டு. பிரஷ்யப் படைத்தலைமையகத்தின் தலைவர் முஃப்லிங் சலிப்போடு பார்க்க உட்கார்ந்து, ஆட்டம் முடியும்போது, இது விளையாட்டே அல்ல, போருக்கான பயிற்சி என்று சொல்லி எழுந்தார் என்பார்கள். இந்த முஃப்லிங் யார் தெரியுமா? வாட்டர்லூவில் வெலிங்டன் பக்கத்திலேயே பிரஷ்யப் பிரதிநிதியாக நின்றவர்.

பிறகு அட்டவணைகள் பெருத்துப்போய் ஆட்டம் ஆமையாக நகர்ந்தது. 1876-இல் ஃபெர்டி து வெர்னுவா என்ற தளபதி, பகடையும் வேண்டாம் அட்டவணையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் சொல்வதே முடிவு என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். நான் ஆட்டுவிப்பது அந்த வழியில்தான். என் மேஜையில் காவல்படை எதற்காக ஓடியது என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியும்: பகல் முழுக்கக் காத்து நின்ற களைப்பு, பக்கவாட்டில் குண்டுமழை, பின்னால் பிளான்சன்வா திசையில் சத்தம். பழைய காவல் கேட்கும் காரணம் அங்கே கிடைக்கும்.

பழைய காவல்:

ஐயா, நான் சொல்லத் தெரியாமல் தவித்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

நீலக்கோட்டுக்காரன்:

ஐயா, உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பகடையை மனிதர் கையில் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானும் அமெரிக்காவும் பசிபிக் கடலில் மோதிய மிட்வே இருக்கிறது.

1942 மே மாதம், ஜப்பானியர்கள் மிட்வே திட்டத்தை யமாத்தோ கப்பலில் ஆடிப் பார்த்தார்கள். அமெரிக்க விமானங்கள் தாக்கும் கட்டத்தில் பகடை உருட்டிய நடுவர், ஒன்பது குண்டுகள் பட்டன, அகாகி, காகா என்ற விமானந்தாங்கிக் கப்பல்கள் இரண்டும் மூழ்கின என்றார். ஆட்டத்தை நடத்திய உகாகி அதை ஏற்கவில்லை. மூன்று குண்டுதான் என்று மாற்றினார். காகா மட்டும் மூழ்கியது, அகாகிக்குச் சிறு சேதம் என்று எழுதினார்கள். அடுத்த கட்ட ஆட்டத்தில் அந்தக் காகாவும் உயிரோடு வந்துவிட்டது. இதை எழுதியவர்கள் ஃபுச்சிடாவும், பகடை உருட்டிய ஒகுமியாவுமே. ஜூன் மாதம் நிஜத்தில் அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு நான்கும் போயின. பகடை சொன்னதைக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

நடுவர் நாற்காலி:

அங்கே தவறு செய்தவர் ஆட்டத்தின் முடிவில் அக்கறை உள்ளவர் தம்பி. உகாகி அந்தக் கடற்படைத் தலைமையகத்திலேயே தலைமை அதிகாரி. திட்டம் அவர்கள் திட்டம். கட்சிக்காரரே நீதிபதியாக உட்கார்ந்தால் எந்த முறையும் கெடும். நடுவருக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றாக இருக்கவேண்டும். இருந்தாலும் நீங்கள் சொன்ன உதாரணம் கனமானது, அதைத் தள்ளிவிட மாட்டேன். எனக்கும் சில நாள் ஒரு பக்கம் மனம் சாய்ந்திருக்கிறது. அந்த நாட்களில் ஒரு பகடை இருந்தால் நல்லது என்று தோன்றியதும் உண்டு.

கணக்கு டீச்சர்:

தாமதமாக வந்தேன், மன்னிக்கவும். பள்ளியில் நிகழ்தகவு நடத்துகிறவள், இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

முதலில் இரட்டை ஒன்று. முப்பத்தாறில் ஒன்று. அபூர்வம் என்று தோன்றும். ஆனால் இருபத்தைந்து தடவை வீசினால் ஒரு தடவையாவது வருவதற்கு வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். இருபத்துநாலு என்றால் பாதிக்குச் சற்றுக் கீழ். இந்த இருபத்துநாலா இருபத்தைந்தா என்கிற கேள்விதான் 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்ட காலத்தில் பேசப்பட்டது. அங்கே இரட்டை ஆறு, கணக்கு ஒன்றே. உங்கள் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து மனவலிமைச் சோதனை எத்தனை நடந்திருக்கும்? அறுபது என்று வைத்தால் எங்கேயாவது ஒரு இரட்டை ஒன்று விழ வாய்ப்பு நூற்றுக்கு எண்பதுக்கு மேல். அது விழுந்த இடம் காவல்படையாக இருந்ததுதான் உங்கள் வருத்தம். பீரங்கி கதைதான் அதைவிட அபூர்வம் சார். பன்னிரண்டில் இரண்டோ அதற்குக் குறைவோ விழுவது நூற்றுக்கு இரண்டு தடவைகூட இல்லை. அதற்கு நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்தது சராசரிப் பகடை. அதில் இரண்டு என்ற முகம் ஒன்றுதான். இரண்டு பகடையிலும் இரண்டு விழ வாய்ப்பு? முப்பத்தாறில் ஒன்று. அதே எண்! விதியில் 'மிகக் குறைந்த எண் இரட்டையாக விழுந்தால் ஓட்டம்' என்று எழுதினால், எந்தப் பகடை வைத்தாலும் உங்கள் காவல்படை அதே அளவுதான் ஓடும். மாற்றவேண்டியது அட்டவணையை. ஓடுவதை ஒரே வீச்சில் வைக்காமல், முதலில் தயங்கும், பிறகு பின்வாங்கும், பிறகுதான் ஓடும் என்று மூன்று படியாக வைத்தால் நீங்கள் கேட்பது கிடைக்கும். ஆகவே உங்கள் இரண்டாவது வாதத்தில் பாதியை ஏற்கிறேன், பகடையைக் குறை சொல்வதை ஏற்கவில்லை.

ஒரு சந்தேகம். தேநீரைக் கொட்டினோம் என்கிறீர்கள். எப்படிக் கொட்டினீர்கள், எங்கே? கொட்டும்போது பகடை கோப்பைக்குள் அசையாமலா இருந்தது?

பழைய காவல்:

டீச்சர், படித்துவிட்டு ஒரு மணி நேரம் யோசித்தேன். ஞாபகம் இருக்கிறவரை சொல்கிறேன். நானே கோப்பையை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் சமையலறைக்குப் போனேன். நடுவரும் கூட வந்தார். பாத்திரம் கழுவும் தொட்டியில் மெதுவாகச் சாய்த்தேன். தேநீர் வடிய வடியப் பகடை சறுக்கி விளிம்புக்கு வந்தது. விழுந்துவிடுமோ என்று கோப்பையை நிமிர்த்தினேன். டக்கென்று அடிக்குத் திரும்பி விழுந்தது. அப்புறம் பார்த்தோம், ஒன்று.

ஆச்சி வீட்டுத் தாயம்:

அப்படியானால் நீங்கள் பார்த்தது இரண்டாவது முறை விழுந்த எண்!

கணக்கு டீச்சர்:

அதேதான். மேஜைமேல் கோப்பைக்குள் எந்த எண் நின்றது என்று யாருக்கும் தெரியாது. கண்ணில் பட்டது சமையலறையில் விழுந்தது. நியாயமான பகடையாக இருந்தால் இரண்டு வீச்சுக்கும் வாய்ப்பு ஒன்றுதான், அதில் யாருக்கும் அநியாயம் இல்லை. ஆனால் நீங்கள் வைத்திருந்த விதி, மேஜைக்கு வெளியே விழுந்தது செல்லாது என்பது.

நீலக்கோட்டுக்காரன்:

நான் மேஜைப்பக்கம் இருந்தேன், சமையலறைக்கு வரவில்லை. நடுவர் வாசலில் நின்று "ஒன்று" என்று கத்தினார், எல்லோரும் ஓவென்று கத்தினோம். நிமிர்த்தும்போது திரும்பி விழுந்தது என்று இத்தனை வருடத்தில் நீங்கள் ஒருமுறைகூடச் சொன்னதில்லையே அண்ணா.

பழைய காவல்:

முக்கியம் என்று தோன்றவே இல்லை. ஒன்று என்று பார்த்ததும் கோப்பையைத் தொட்டியிலேயே வைத்துவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றேன், அது மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

நடுவர் நாற்காலி:

அன்றைய நடுவரைக் குறை சொல்லமாட்டேன். கோப்பை மேஜைமேல் இருந்தவரை செல்லும் என்றது சரியான தீர்ப்பு. ஆனால் படிக்கும் முன்னாலேயே சாட்சி கலைந்துவிட்டது. வெள்ளைத் தட்டு ஒன்றை மேஜையிலேயே வைத்துக் கரண்டியால் தேநீரை எடுத்திருக்கவேண்டும். கலைந்த சாட்சியை வைத்து ஒரு படையை ஓடவிட முடியாது. என் கருத்து: முதல் பகடையின் ஒன்று நிற்கும், இரண்டாவதற்கு மறுவீச்சு.

நீலக்கோட்டுக்காரன்:

சரி. ஏற்கிறேன் அண்ணா, முதல் வழக்கில் நீங்கள் ஜெயித்தீர்கள். எனக்கு இதில் வருத்தம் இல்லை, அந்தப் பக்கம் ஒரு நியாயம் இருந்தது என்று இப்போதாவது தெரிந்ததே. இரண்டாவது வழக்கில் நகரமாட்டேன். டீச்சர் சொல்லும் மூன்று படி அட்டவணையை ஆடிப் பார்க்கலாம். ஆனால் எங்கேயாவது ஒரு மூலையில் காவல்படை நேராக ஓடிவிடும் வாய்ப்பு இருந்தே ஆகவேண்டும். 1815-இல் "காவல்படை பின்வாங்குகிறது" என்ற கூக்குரல் பிரெஞ்சு வரிசை முழுக்கப் பரவியதும் அந்தப் படையே கலைந்தது. அது இல்லாமல் வாட்டர்லூ இல்லை.

இன்னொன்று. ஆட்டம் முடிவதற்கு முன்னால் நான் எடுத்த புகைப்படங்கள் பதினான்கு இருக்கின்றன. மேட்டில் யார் எங்கே நின்றார்கள் என்பது இஞ்சுக் கணக்கில் தெரியும். மிலிஷியா பட்டாலியனில் எட்டுப் பொம்மைகள் மிச்சம். அந்தப் பொம்மைகளின் சொந்தக்காரர் அவற்றின் அடித்தட்டில் அன்றே சின்னதாக ஒரு தேநீர்க் கோப்பை வரைந்துவிட்டார், பார்த்திருக்கிறீர்களா?

பழைய காவல்:

பார்த்ததில்லை! உடனே அனுப்பு.

மேஜையை மறுபடி விரிப்போம். வரும் ஜூன் 18 அன்று நான் நாட்டிங்ஹாமுக்கு வருகிறேன், உன் வீட்டிலேயே. ஏழு மணி நிலவரத்தை அப்படியே நிறுத்துவோம். ஒன்று ஏற்கெனவே கிடக்கிறது. மிச்சம் ஒரு பகடை. ஆறில் ஐந்து பங்கு எனக்கு.

நீலக்கோட்டுக்காரன்:

எந்தப் பகடை? சராசரிப் பகடையைக் கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்துவேன்.

பழைய காவல்:

இல்லை. அதே பகடை. மண்டபத்தைக் காலி செய்யும்போது தொட்டியிலிருந்து எடுத்து என் பெட்டியில் போட்டது. காவல்படையோடுதான் கிடக்கிறது. அதைவைத்தே வீசுவேன்.

நடுவர் நாற்காலி:

நான் இருப்பது டெர்பியில், ரயிலில் அரை மணி. நடுவராக வரட்டுமா? வெள்ளைத் தட்டும் கரண்டியும் நான் கொண்டுவருகிறேன்.

நீலக்கோட்டுக்காரன்:

கட்டாயம் வாருங்கள் ஐயா. அண்ணா, ஒரே நிபந்தனை: தேநீர் சமையலறையில்தான். ஒன்று விழவில்லை என்றால் எங்கள் எட்டுப் பேர் மேட்டிலேயே நிற்பார்கள், அவர்களுக்கும் இரண்டு பகடை உண்டு.